பினாங்கில் வேகாத முட்டை

4 மார்ச் 2024, திங்கள். வெள்ளகோவில்

மத்தியானம் தையல் கம்பெனியில் இருந்தபோது பினாங்கிலிருந்து போன். அங்கே கட்டட வேலையில் இருக்கும் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். தலையில் அடி. நினைவில்லை.

அத்தையிடம் சொன்னேன். அழவில்லை. "நீதான அவன அனுப்புனே" என்றார். அவ்வளவுதான்.

7 மார்ச். பினாங்கு

நானும் அத்தையும் வந்து சேர்வதற்குள் ஒரு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. கண் திறக்கவில்லை. "தமிழ்வேந்தா" என்று அத்தை காதோரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கூப்பிடவில்லை. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இப்போதாவது கூப்பிட்டிருக்கலாமோ?

11 மார்ச்

லாட்ஜில் ஒரே அறை, இரண்டு கட்டில். அத்தை என்னோடு பேசி ஒரு வாரம்.

13 மார்ச்

மறுபடி ரத்தம் கட்டியிருக்கிறது. இன்னொரு முறை திறக்க வேண்டும். பேச்சு போகலாம், உயிரும் போகலாம். செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார். தமிழ் நர்ஸ் நிதானமாக எடுத்துச் சொன்னாள். நாளைக் காலை பத்து மணிக்குள் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எம்பையன் மண்டைய இன்னொருக்கா ஒடைக்க உடமாட்டேன். ஊருக்குக் கொண்டுபோயிரலாம்."

எப்படிக் கொண்டுபோவது? போட்டாலும் நான் கொன்னவ, போடாட்டியும் நான் கொன்னவ. நான் என்னத்தப் பண்ணுவேன் —

14 மார்ச்

அவரை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே சீனர் கடை. ரொட்டியும் முட்டையும். அத்தை முட்டையை மேசையில் தட்டி உரித்தார். அரைவேக்காடு. முழங்கை வரை வழிந்து சேலையில் சொட்டியது. தமிழ் தெரியாத கடைக்காரப் பெரியவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இது வேகலீங்க. இன்னொரு ரெண்டு நிமிசம் போடுங்க" என்று இரண்டு விரலைக் காட்டினார். அவர் தலையாட்டிப் போய் இன்னும் இரண்டு முட்டை கொண்டுவந்தார். அதுவும் வழிந்தது. "இல்லீங்க, ரெண்டு நிமிசமுங்க." மறுபடி இரண்டு முட்டை. "செரிங்க, அஞ்சு நிமிசமாவது வேகட்டுமுங்க" என்று அத்தை ஐந்து விரலையும் விரிக்க, பெரியவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

சிரித்துவிட்டேன். அவர் அங்கே கிடக்கிறார், இங்கே நான் சிரிக்கிறேன். அடக்க அடக்கப் பீறிட்டது. அத்தை முறைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அவருக்கும் தோள் குலுங்கியது. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தோம். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "கையெழுத்தப் போட்டுப்போடு கண்ணு. எது ஆனாலும் உன்னைய ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

போட்டேன்.

16 மார்ச்

கண் திறந்தார். பேச்சு இல்லை.

22 செப்டம்பர், ஞாயிறு. வெள்ளகோவில்

அத்தையின் அண்ணன் சென்னியப்பன் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்க வார்த்தை தேடித் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முன்னாலேயே சொன்னார்: "பொற்கொடி அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டதுலதான் பையனுக்குப் பேச்சே போச்சு."

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். "நாந்தானுங்கண்ணா போடச் சொன்னேன். கேக்கறதுனா என்னையக் கேளுங்க."

அண்ணன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அத்தை பாதித் துணியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து மடித்தேன்.