சேதி சொல்ல வந்தவரிடம் சிரித்தேன்

என் ஷமீமுக்கு,

இந்த வருட ஹாஸ்டல் விழாவுக்கும் நம் கிரேக்க நாடகத்தையே போடச் சொல்கிறார்கள். முடியாது என்றேன். காரணம் கேட்டவர்களிடம், ராணி வேஷத்துக்கு ஆளில்லை என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை.

மீதியை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். கிரேக்கத் துன்ப நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது, சேதிக்காரன் வந்து சொல்வான் என்று தருமபுரி நூலகத்தில் படித்துவிட்டு வந்தேன். அந்தப் பெரிய நாடகங்களை கிரேக்க நகைச்சுவை நாடகக்காரர்களே கிண்டல் செய்திருக்கிறார்கள் என்றதும் நீ விடவில்லை. "நாமளும் பண்ணலாம்க்கா" என்றாய். நான் சேதிக்காரன். சாவுச் சேதியோடு வந்துவிட்டு, பஸ் பஞ்சரானதையும் கண்டக்டரோடு சண்டை போட்டதையும் நீட்டி முழக்குவேன். நீதான் ராணி; முந்தானையைக் கண்ணில் வைத்தபடி, "செத்தது யாருன்னு சொல்லிட்டு அப்புறம் தண்ணி குடிய்யா" என்பாய். வார்டன்கூடச் சிரித்தார்.

காமாலை என்று நீ உன் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போன பிறகு, ஒரு காலையில் உன் அண்ணன் ஹாஸ்டல் வாசலில் நின்றார். போனில் டிரங்க் கால் கிடைக்காமல்தான் நேரில் வந்தார் என்பது பிறகு தெரிந்தது. தண்ணீர் கேட்டார். பஸ் வழியில் நின்றதைச் சொன்னார், டயர் மாற்றியதைச் சொன்னார். நீ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாய் என்றே நினைத்தேன், ஷமீம். சிரித்துக்கொண்டே உன் வசனத்தை அவரிடம் சொன்னேன்.

அவர் உன் பெயரைச் சொன்னார்.

அன்று உன் முகம் பார்க்க வந்தபோது, "சேதி கேட்டதும் ஓடி வந்துட்டியேம்மா" என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உருவிக்கொள்ளவும் துணிவில்லை. அதன்பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நான் சிரித்ததை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லையாம். "நீ சிரிச்சப்ப, எனக்கும் ஒரு நிமிசம் இது அவ பண்ற கூத்துதானோன்னு இருந்துச்சும்மா" என்றார். என்னை மன்னித்துவிட்டாரா? அதைக் கேட்கவும் எனக்கு உரிமை உண்டா?

ஹாஸ்டலில் நீ எதற்கு அப்படிச் சிரிப்பாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

வருகிற ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு நாடகம் முழுவதையும் சொல்வேன், உன் குரலிலேயே. அண்ணன் வந்ததையும் நான் சிரித்ததையும் விடமாட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாலும், திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
கலா