மூன்று தையலும் பிரிந்த சுடிதார்

தீனா,

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கறவனை எழுப்ப மனசு வரலை. இட்லி ஹாட்பேக்ல இருக்கு, சட்னி பிரிட்ஜ்ல.

அஞ்சு மாச வயித்துக்கு இறுக்குது, உள் தையல் ஒண்ணை மட்டும் பிரிச்சு விடுன்னுதான் சொன்னேன். நீ பிளேடை எடுத்து நாலு சுடிதாருக்கும் மூணு தையலையும் பிரிச்சு வச்சிருக்கே. இப்போ முன்னாடி ஒரு துணி, பின்னாடி ஒரு துணி. எல்லாத்தையும் பையில போட்டுக் கதவுகிட்ட வச்சிருக்கேன். ராஜகீழ்ப்பாக்கம் டெய்லர் பேபி அக்காகிட்ட குடுத்து, வெளித் தையல் மட்டும் போடச் சொல்லு. யார் பிரிச்சதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிக்கோ.

நேத்து நான் கத்தினது அதிகம்தான். பிளேடு கிழிச்ச விரலுக்கு ஏன் மருந்து போடலை? டிவி பக்கத்துல வச்சிருக்கேன்.

வாணி

அப்புறம், போட்டுக்க ஒண்ணும் இல்லாம உன் நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கிட்டேன். இவ்வளவு சௌகரியமா மூச்சு விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. திருப்பிக் கேக்காதே.

பன்னெண்டு மணிக்கு ஸ்கேன். நீ வர வேணாம்னு நேத்து கோவத்துல சொன்னேன், வந்துடு. ஆஸ்பத்திரிக் கூட்டத்துல உன் சட்டையைத் தேடு. நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ளதான் இருப்போம்.