தேதி கேட்ட மெஷின்

1986 நவம்பர் 4, செவ்வாய்
விடாத மழை. இன்றும் இருட்டோடு புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து பஸ். எல்லாம் சிராங்கூன் ரோடு மளிகை மொத்தக் கடையின் கம்ப்யூட்டருக்காக. காலையில் நான் பாஸ்வேர்டு அடித்தால்தான் ஆர்டர் திரை வரும். முதலாளிக்குக் கீபோர்டைத் தொடவே பயம்.

வசந்திக்கு மாதம் நிறைந்துவிட்டது. "வலி வர்றப்ப நீங்க பக்கத்துல இருக்கணுங்க." சரி என்றேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

நவ. 5, புதன்
முதலாளியிடம் சொன்னேன்: பாஸ்வேர்டை மெஷினுக்குள்ளேயே எழுதிவைத்தால் தானே எழுந்துகொள்ளும்.

"பூட்டுப் போட்டுட்டு சாவியைக் கதவுலயே தொங்கவிடச் சொல்றியா, சேகர்?"

"அந்தச் சாவி ஆர்டரை மட்டுந்தான் திறக்கும், முதலாளி. கணக்குக்கு வேற."

யோசித்தார். மெஷின் அறைக்கு ஒரு பூட்டு, சாவி அவரிடம். சம்மதம்.

வாங்க: பூட்டு. வசந்திக்கு மாங்காய், தேக்கா மார்க்கெட்டில்.

நவ. 7, வெள்ளி
எழுதி முடித்தேன். ரீசெட் பொத்தானை அமுக்கிப் பலமுறை பார்த்தாயிற்று. கை வைக்காமலே ஆர்டர் திரை! தனியாக நின்று கைதட்டினேன். முதலாளி மெஷினுக்கும் ஒரு விபூதிக் கீற்று இட்டார். துடைக்க மனம் வரவில்லை.

மாலை சாம்பிராணி. பிறகு வழக்கம்போல் அவரே மெயின் சுவிட்சை அணைத்துக் கடையடைப்பு. தலைவலி. முறுக்கு.

நவ. 8, சனி
விடியலில் வலி. டாக்சி உடனே கிடைத்தது, புண்ணியம். ஆஸ்பத்திரி. முதலாளி வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வசந்தி என் கையை விடவில்லை.

நர்ஸ்: "மிஸ்டர், உங்க கடையிலேருந்து போன்."

வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்; முதலாளி. மெயினைப் போட்டதும் மெஷின் தேதி கேட்டு நிற்கிறதாம். மடையன் நான்! தினமும் பாஸ்வேர்டுக்கு முன்னால் பழக்கத்தில் அதை அடிப்பவனும் நானே. கரண்ட் போனால் அதற்குத் தேதி மறந்துவிடும். ரீசெட்டில் மறக்காது. நான் பார்த்ததெல்லாம் ரீசெட்.

"லாரி நிக்குது லா, சேகர். வந்துட்டுப் போறியா?"

உள்ளே வசந்தி கூப்பிடுகிறாள்.

"வர முடியாது, முதலாளி. இன்னிக்குத் தேதியை நீங்களே அடிங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்.

"வந்துடுச்சு லா! போ, போ, பொண்டாட்டியைப் பாரு."

ஓடினேன்.

நவ. 9, ஞாயிறு
பெண். நேற்று மத்தியானம். இடது கை விரல்கள் வீக்கம், வசந்தி நசுக்கியது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

மயக்கம் தெளியாமல் கேட்டாள்: "போன் வந்துச்சே. கடைக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல. இங்கதான் இருந்தேன்."

கொஞ்சம் தூங்கினாள். விழித்ததும் மறுபடி அதையே கேட்டாள். மறுபடி சொன்னேன்.