தராசில் கோளாறு இல்லை

தியாரெத்,
திங்கட்கிழமை.

அன்புள்ள லக்தருக்கு,

உங்கள் மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். குழந்தைகள் நலம். நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. போன வாரக் காற்றில் சமையலறை ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. அட்டை வைத்து அடைத்திருக்கிறேன்.

நேற்று போனில், "ஒரு கையெழுத்துதானே வாஸிலா, போட்டுத் தொலையேன்" என்றீர்கள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். உங்கள் அண்ணன் சொன்னதுதான் உங்களுக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன்.

என் வகுப்பின் வேதியியல் செய்முறைத் தேர்வில் மெக்னீசியம் நாடாவை மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்க வேண்டும். உலோகம் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடும். காற்று உள்ளே போக மூடியை அவ்வப்போது கொஞ்சம் தூக்க வேண்டும். அதிகம் தூக்கினால் வெண்புகை பறந்துவிடும். அந்தப் புகையும் எரிந்த உலோகம்தான்.

ரொட்டிக் கடைக்காரர் மகள் யமீனா செய்தபோது, கிண்ணத்தின் எடை கூடுவதற்குப் பதில் குறைந்துவிட்டது. "குறைந்தது. மூடியை அதிகம் தூக்கிவிட்டேன், புகையோடு போயிருக்கும்" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அடுப்பே பற்றவில்லை. ஆனால் தாளில் பாடப்புத்தகத்து விடை அச்சு அசலாக இருந்தது. பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் பள்ளி ஆய்வாளர் பூஸியான் வந்தார். யமீனாவின் மதிப்பெண்ணைப் பக்கத்து மேசைப் பெண்ணுக்கும், அந்தப் பெண்ணின் பூஜ்யத்தை யமீனாவுக்கும் மாற்றிப் போட்டார்.

"அவ அடுப்பே பத்த வைக்கலையே சார்" என்றேன்.

"விடை சரியா இருக்கா இல்லையாம்மா? எட கொறஞ்சுதுன்னு எழுதுனவளுக்கு மார்க்கு, கூடுச்சுன்னு எழுதுனவளுக்கு முட்டையா? நல்லா நடத்துறீங்க பள்ளிக்கூடம்!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அப்ப நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றேன், முப்பது பெண்கள் முன்னால்.

கோட்டைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். பொறுமையில்லாத மனிதர். நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். புகை கூரை வரை போனது. ஆறவிட்டு நிறுத்தால், எடை குறைந்திருந்தது! யமீனாதான் பரிதாபப்பட்டு, "நீங்களும் என்ன மாதிரியே ரொம்பத் தூக்கிட்டீங்க சார்" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"தராசு கோளாறு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

தராசின் மேல் பழியைப் போட்டு யமீனாவுக்கு மதிப்பெண்ணைத் திருப்பித் தந்துவிட்டார்கள், உண்மைதான். கூடவே ஆய்வாளரிடமிருந்து ஒரு தாளும் வந்தது. தராசு பழுது, ஆசிரியை கவனிக்கத் தவறினார் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த வியாழன் விசாரணை, பிறகு எங்கோ ஒரு மூலைக்கு மாற்றல். "பொண்ணுக்குத்தான் மார்க்கு கெடச்சிருச்சே, அப்பறம் என்ன வீம்பு?" என்கிறார் உங்கள் அண்ணன்.

வீம்பா? எடைக்கற்களை வைத்து மூன்று முறை சோதித்தேன். தராசில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்று நான் எழுதிக் கொடுத்தால் யமீனா கண்ணால் பார்த்து எழுதியதும் பொய்யாகிவிடும். கிடைத்த மதிப்பெண் பிச்சையாகிவிடும். நேற்று அவள் வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "என்னாலதான டீச்சர் உங்களுக்கு இவ்ளோ கஷ்டம்? இனிமே புத்தகத்துல இருக்கறதையே எழுதிடறேன்." பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைக் கற்றுக் கொடுக்கவா நான் சாக்பீஸைத் தொட்டேன்? இன்று காலை அந்தத் தாளைக் கிழித்துத் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து உங்களுக்கு அடுத்த புதன்கிழமை விடுப்பு. முதலில் அண்ணன் வீட்டுக்குப் போகாதீர்கள், நேரே நம் வீட்டுக்கு வாருங்கள். வியாழன் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. அங்கே எனக்காக நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், லக்தர். பக்கத்தில் வந்து நில்லுங்கள், போதும்.

இறைவன் உங்கள் வழியைக் காக்கட்டும்.

உங்கள்
வாஸிலா