கொசு மேய்க்கும் உத்தியோகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உங்கள் மூட்டுவலி, பிறகு தங்கை, பிறகு பசுக்கள், எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்குப் போன வாரம் வந்த காய்ச்சல் மலேரியா இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். மலேரியா ஆய்வுக்கூடத்தில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

நாங்கள் மரபணு மாற்றி வளர்த்த கொசுக்களை வெளியே விட ஊர் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் கூண்டுகளை மூட்டை கட்டிவிட்டு, மழைக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். நேற்றுக் கூட்டத்தில் எங்கள் தலைமை விஞ்ஞானி மரபணுவைப் படம் போட்டு விளக்கினார். ஊர் மரியாதையாகத் தூங்கியது. பிறகு ஊர்த்தலைவர் சியாக்கா என் பக்கம் திரும்பினார். இந்த ஊர் போபோ சனத்துக்கும் மாடு மேய்க்கும் நம் ஃபுலானி சனத்துக்கும் தலைமுறையாகக் கேலி பேசும் முறை ஆயிற்றே.

“ஏலே ஃபுலானிப் பயலே, மாட்டையெல்லாம் தொலைச்சிட்டுக் கொசு மேய்க்க வந்துட்டியா?”

கேலிக்குப் பதில் சொல்லாவிட்டால்தான் அவமரியாதை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆமா மாமா, அத்தனையும் காளை. கடிக்காது. அதுங்களோட சேர்ந்த பொட்டைக்குக் கன்னும் தங்காது. நீங்க திருடிட்டுப் போனாலும் மந்தை பெருகாது!”

ஊரே உருண்டு சிரித்தது. “இப்பல்ல வெளங்குது!” என்று சியாக்கா கையைத் தூக்க, எல்லோரும் தூக்கினார்கள். தன் படங்கள் வென்றதாக விஞ்ஞானி அறிக்கை எழுதுகிறார்.

ஆகவே, இன்னும் இரண்டு மழைக்காலம் எனக்கு இங்கேதான். இரவெல்லாம் எழுந்து எழுந்து நடக்கிறேன், வெக்கைதான் காரணம். கொஞ்சம் வெண்ணெய் அனுப்புங்கள். செவலை என்ன கன்று போட்டது? நான் வந்து பெயர் வைக்கிறேன், அதுவரை வைக்காதீர்கள். அதற்குள் அதுவே தாயாகிவிடும், பரவாயில்லை.

கடிதம் கொண்டுபோகும் வண்டிக்காரர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
ஹாமா