நீளமானதைத் தள்ளிவிட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலை 7.40. மூன்று நிமிடம் பத்து விநாடி. செருப்பு வார் மாட்டக் குனிந்தபோது.

இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எத்தனை மணி, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன். வீட்டில் வேறு நோட்டு இல்லை. தொழிற்சாலையில் மிஞ்சிய உற்பத்திப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டேன். கட்டங்கள் ஏற்கெனவே போட்டிருக்கின்றன. வசதி.

பிப்ரவரி பதினான்காம் தேதி, நான் சூப்பர்வைசராக இருக்கும் நான்காவது லைனில், சட்டைக்குக் கை தைப்பவளின் பின்னால் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் துடிப்பு தறிகெட்டு ஓடியது. கண் விழித்தபோது வெட்டிய துணிக்கட்டுகள் மேல் கிடந்தேன். ஆஸ்பத்திரியில் நூற்று அறுபத்தெட்டு என்றார்கள். மருந்து ஏற்றி, சாயங்காலத்துக்குள் துடிப்பைச் சரி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வலி. நெஞ்செலும்புக்கு இடப்பக்கம், ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தில்.

"துடிப்பு இப்ப சீரா இருக்கு. இது தசை வலியா இருக்கலாம், பயமா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். எழுதிக்கிட்டு வாங்க, பாப்போம். ஆனா பதினஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா எழுதிக்கிட்டு உக்காராதீங்க. நேரா இங்க வந்துடுங்க."

அவருக்கு — என் கணவருக்கு — இதெல்லாம் வேடிக்கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பழகிய மனிதர். "உனக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குன்னு இப்பத்தான் ஊர்ஜிதமாச்சு. உன் லைன்காரங்களுக்குச் சொல்லியனுப்பணும். ரிப்போர்ட்டைக் காட்டினாலும் நம்ப மாட்டாங்க."

சிரிக்கவில்லை நான்.

மார்ச் 6, வியாழன்

வேலைக்குப் போனேன்.

மேனேஜர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மற்ற நாட்களில் மேடம் என்பார். அக்கா என்று கூப்பிட்டால் எதையோ பறிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"அக்கா, உடம்புதான் முக்கியம். கொஞ்ச நாள் உக்காந்து செய்யற வேலை பாருங்க. மாசக் கடைசிக்குள்ள நின்னு வேலை செய்யலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா நாலாவது லைன் உங்களுது. இல்லன்னா இப்ப பாக்கறவங்களுக்கே கொடுத்துடுவேன்."

இப்போது பார்ப்பவள் காலர். காலர் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வருடம் என் கீழே இருந்தவள். என் நாற்காலியில் அவள் பை தொங்குகிறது.

எனக்குக் கொடுத்தது நூல் வெட்டும் மேசை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை நறுக்குவது. கை மெதுவானவர்களை நான் அனுப்பிவைக்கும் இடம் அது. எட்டுப் பெண்கள். மூத்தவள் கத்தரியை என் பக்கம் தள்ளினாள். "வாங்க மேடம். மணிக்கு நாப்பத்தெட்டு. டார்கெட் யார் வெச்சதுன்னு ஞாபகம் இருக்குமே."

நான்தான் வைத்தேன். ஸ்டாப்வாட்ச் பிடித்து, ஐந்து சட்டைக்கு அளந்து வைத்தேன்.

இன்று என் கணக்கு இருபத்தொன்பது.

மார்ச் 7, வெள்ளி

முப்பத்தொன்று. வலி மூன்று முறை. கழிப்பறை போக டோக்கன் கேட்டேன். "போயிட்டு வர நாலு நிமிஷம்தான், மேடம்" என்றாள் மூத்தவள். மேசை முழுவதும் சிரித்தது. அந்த நான்கு நிமிடமும் நான் வைத்த சட்டம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பகல் 11.20. ஒன்பது நிமிடம். கழிப்பறைக்குப் போகும் நடையில்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் முதல் நினைப்பு. வலி அதற்கு அப்புறம்தான். காலர் பார்த்துவிட்டாள். வந்து, என்னைப் பழைய அட்டைப்பெட்டி மேல் உட்கார வைத்து, என் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தாள்.

"மூச்சை அடக்காதீங்க அக்கா. எல்லாரும் இழுத்துப் பிடிச்சுக்கறாங்க, அதான் தப்பு. விடறதுலதான் இருக்கு. நாலு எண்ணி இழுங்க. ஆறு எண்ணி விடுங்க. தோளைத் தொங்கப் போடுங்க. வலியைப் பாக்காதீங்க, எண்ணிக்கையைப் பாருங்க."

அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். நடையின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு வருஷமா எனக்கும் இதேதான். சாப்பாட்டு நேரத்துல நீங்க போடற அதே மாத்திரை. வெள்ளை, நடுவுல கோடு. இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னையும் நூல் வெட்ட அனுப்பிடுவாங்க."

அப்புறம் சிரித்தாள். "முதல் தடவை வந்தப்ப நான் மெஷின்ல இருந்தேன். நீங்க வாட்ச்சோட பின்னால நின்னீங்க. வாய்க்குள்ள எண்ணுவீங்களே, ஒண்ணு ரெண்டுன்னு. உங்க எண்ணிக்கையோட சேந்துதான் மூச்சு விட்டேன். அதுலதான் பிழைச்சேன்னு வெச்சுக்கங்க."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்கு நிமிடம் கை நின்றதாகப் பதிவேட்டில் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில்: சோம்பல்.

மார்ச் 13, வியாழன்

மூச்சு வேலை செய்கிறது. இன்று வந்த இரண்டு வலியும் இரண்டரை நிமிடத்தில் அடங்கின. நாலு, ஆறு. பேருந்திலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

மேசையிலிருந்து நான்காவது லைன் நன்றாகத் தெரிகிறது. காலர் வாட்ச் பிடிப்பதில்லை. ஊசி உடைந்தால் தானே போய் மாற்றிக் கொடுக்கிறாள். டோக்கனை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாமாம். பலகையில் மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. நான் நின்றபோது நூற்று நான்கைத் தாண்டியதில்லை.

ஏன் தாண்டவில்லை?

மார்ச் 16, ஞாயிறு

காலை 9.15. இருபத்திரண்டு நிமிடம். படுக்கை விரிப்பைப் பிழிந்தபோது.

பொத்தான் அளவாக இல்லை. உள்ளங்கை அளவு. முதுகு வரை. வியர்த்தது. நாலு ஆறு, நாலு ஆறு — எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. பதினைந்து தாண்டியதை வாட்ச்சில் பார்த்தேன். பதினாறு. பதினேழு.

அவர் கதவருகில் நின்றார். "ஆம்புலன்ஸ் கூப்பிடவா, டீ போடவா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

டீ என்றேன்.

இன்றைக்குப் போய்ப் படுத்தால் எந்த டாக்டர் கடிதம் கொடுப்பார்? நாற்காலி போய்விடும். அந்த மேசையிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். எட்டுப் பொம்பளைங்களும் சிரிச்சுச் சிரிச்சே என்னைக் கொன்னுடுவாளுங்க.

டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

மார்ச் 19, புதன்

நாளை டாக்டரிடம் போக வேண்டும். நோட்டு கசங்கிவிட்டது. நல்ல தாளில் கணக்கை எடுத்து எழுதினேன்.

மொத்தம் இருபத்துமூன்று வலி. மிகக் குறைந்தது இருபது விநாடி. மிக நீளமானது இருபத்திரண்டு நிமிடம். லைனில் வேலைக்கு நேரம் அளக்கும்போது இரண்டு முனையையும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுப்போம். இருபது வருடமாக அப்படித்தான். குறைந்ததில் அவசரம் இருக்கும். நீளமானதில் ஏதாவது கோளாறு இருக்கும் — நூல் அறுந்திருக்கும், ஊசி உடைந்திருக்கும். அது வேலையின் நேரம் ஆகாது.

மிச்சம் இருபத்தொன்று. சராசரி நான்கு நிமிடம் பத்து விநாடி.

பொய் இல்லை. முறை அதுதான்.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்ல. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"பதினஞ்சு நிமிஷம் தாண்டினதே இல்லையா?"

"இதுல இல்ல, டாக்டர்."

இசிஜி எடுத்தார். சீராக இருந்தது. பேனா மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "லெட்டர் தரேன். ஆனா ஏப்ரல் எட்டாம் தேதி டிரெட்மில் டெஸ்டுக்கு வந்தே ஆகணும். நடக்க விட்டுப் பாத்தாத்தான் முழுசா தெரியும். அதுக்கு நடுவுல ஏதாவதுன்னா, தேதி பாக்காதீங்க."

கடிதத்தை நான்காக மடிக்கவில்லை. அட்டைக்குள் வைத்து எடுத்துவந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"அக்கா," என்றார்.

அப்போதே தெரிந்துவிட்டது.

"நல்ல விஷயம்தான். ஆனா அவங்க கையில லைன் நல்லாப் போகுது. நூத்திப் பன்னெண்டு. நான் மேல என்னன்னு சொல்லுவேன்? கொஞ்சம் பொறுங்க, யோசிப்போம்."

"அவளுக்கும் இதே வியாதிதான் சார். ரெண்டு வருஷமா. இதே மாத்திரை. நான் லெட்டர் கொடுத்துட்டேன். அவகிட்ட இருக்கான்னு கேளுங்க."

சொல்லிவிட்டேன். மேனேஜர் மேசை மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் கடிதம் பறக்காமல் இருக்க அவர் அதன் மேல் ஒரு கத்தரியை வைத்தார்.

நாள் முழுவதும் வலி வரவில்லை. ஒருமுறைகூட.

மார்ச் 24, திங்கள்

காலரைக் காலையிலேயே கூப்பிட்டு விட்டார்கள். வெளியே வந்தபோது அழவில்லை. என் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். வியாதியை மறைத்ததற்காகச் சூப்பர்வைசர் வேலை கிடையாது, காலர் தைக்கவும் கிடையாது, இனி நூல் வெட்டும் மேசை. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார்களாம்.

என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"சொல்றதுக்கு முன்னால எத்தனை நிமிஷம் யோசிச்சீங்க, மேடம்?"

அளந்தால் எட்டு விநாடி இருக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

டோக்கனை ஆணியிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

யாரும் என்னோடு பேசுவதில்லை. முன்பும் பேசியதில்லை, ஆனால் முன்பு பயந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். பலகையில் தொண்ணூற்றேழு. கை தைப்பவள் வேண்டுமென்றே மெதுவாகத் தைக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் பின்னால் நின்றாலும் வேகம் கூடுவதில்லை.

நூல் மேசைக்கும் நான்தான் கணக்கு எழுத வேண்டும், டோக்கனும் நான்தான் கொடுக்க வேண்டும் என்றார் மேனேஜர். காலர் முப்பத்துமூன்று. என் முதல் நாளைவிட நான்கு கூட.

எழுதினேன்.

இரவு அவர் கேட்டார், "நாற்காலி கெடைச்சிடுச்சே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" வலி என்றேன். "எங்க?" என்றார். காட்டினேன். "அதுவா," என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போனார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்று முறை. 6, 11, 13 நிமிடங்கள்.

மூச்சு முன்போல் உதவவில்லை. ஆறு எண்ணி விடும்போது அவள் குரல் வருகிறது. அதனால் எண்ணாமல் இருக்கிறேன். சனியன், எதைப் புடிச்சுக்கிட்டாலும் அவதான் நிக்கறா.

ஏப்ரல் 2, புதன்

டெஸ்டுக்கு இன்னும் ஆறு நாள். அன்று ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் என்றார் மேனேஜர். "மேடம், தள்ளிப் போட முடியுமா?" மேடம் என்றுதான் கூப்பிட்டார். தள்ளிப் போடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை 10.05. கை தைப்பவளின் பின்னால் நின்றபோது. வாட்ச்சை அவளுக்காகத்தான் அமுக்கினேன். ஐந்து சட்டை அளப்பதற்காக. இரண்டாவது சட்டையில் தொடங்கியது. நிறுத்தவில்லை, ஓடட்டும் என்று விட்டேன்.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். இடது கை தோளிலிருந்து விரல் வரை கனக்கிறது. எழுத்து கோணலாக வருவது அதனால் இல்லை, வலது கையில்தான் எழுதுகிறேன். தாளெல்லாம் வியர்வை.

லைனில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு தைக்கத் தொடங்கினார்கள். ஒருவர்கூட எழவில்லை.

நூல் மேசையில் காலர் மட்டும் எழுந்து நின்றாள். கத்தரியைக் கீழே வைத்தாள். மேசையை விட்டு வர டோக்கன் வேண்டும். கையை உயர்த்திக் கேட்டாள். என்னிடம் வரத்தான் கேட்கிறாள் என்று தெரியும். டோக்கன் என் பையில் இருந்தது.

தலையை ஆட்டினேன். இல்லை என்று. பழக்கம், வேறொன்றும் இல்லை. அப்புறம் ஆமாம் என்று ஆட்டப் பார்த்தேன். அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். கத்தரியை எடுத்துக்கொண்டாள். மறுபடி இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

10.39. முப்பத்துநான்கு. இன்னும் ஓடுகிறது.

இதுவரை வந்ததில் மிக நீளமானது இதுதான். கணக்கில் சேராது.