பத்து நிமிஷ நடை

அன்புள்ள அக்கா,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததாக அத்தான் போனில் சொன்னார். உன்னைக் கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம், தூங்கட்டும் என்றுவிட்டேன். உன்னிடம் பேச எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று வீட்டைக் கூட்டும்போது கதவுக்குப் பின்னால் உன் செருப்பு கிடந்தது. வாரின் உள்பக்கம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, "உன் பழைய செருப்பைக் குடுடா, தொளதொளன்னு சுகமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாயே, அது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது.

நீ இருந்த நான்கு நாளும், எங்கே கிளம்பினாலும் "பத்து நிமிஷ நடைதான்" என்றேன். "உங்க ஊர் நிமிஷம் கொஞ்சம் நீளம்டா" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர் காதுபட, "கார் எதுக்கு? நடக்கணும்னுதான் வித்துட்டேன்" என்று வேறு பீற்றிக்கொண்டேன். அப்படி ஒரு மண்ணும் இல்லை. இந்த ஊர் வாடகை என் காரை என்றைக்கோ விழுங்கிவிட்டது. டாக்ஸி பிடிக்கக்கூட அந்த வாரம் கையில் காசில்லை. அதைச் சொல்லக் கூசியது. உன்னை நடக்கவைக்கக் கூசவில்லை.

இன்று ஸ்டேஷனிலிருந்து வீடுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நாற்பது நிமிஷம்.

போனை வைக்கும்போது அத்தான், "எல்லாமே பத்து நிமிஷ நடைதானாமே! குடுத்துவச்சவர் மாப்பிள்ளை நீங்க. உங்க அக்கா வந்ததிலேர்ந்து அதைத்தான் சொல்லிட்டிருக்கா" என்றார்.

உன் தம்பி